எது உன் ஊர்?

 

“உன் ஊர் எது மகள்?” என்று கேட்டால் உம்மும்மா சொல்வது ஒன்று, பேத்தி சொல்வது வேறொன்று. யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பங்களில் இது நமக்குப் பழகிய சங்கதி. இதையே பல்கலைக்கழக ஆய்வாகச் செய்த ஒரு பெண்மணியைப் பற்றி இம்மாதம் சொல்கிறேன்.

ஷாரிகா திராணகம, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்த டாக்டர் ராஜினி திராணகமவின் மகள். 1989 செப்டம்பர் 21இல் தாயார் சுட்டுக் கொல்லப்பட்டபோது இவர் சிறுமி. பின்னர் லண்டனில் வளர்ந்து, எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மானிடவியலில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்தார். அதற்காக அவர் தேடி வந்த இடங்களில் ஒன்று புத்தளத்து அகதிக் குடியிருப்புகள். தன் வீட்டுத் துயரத்தை மட்டும் எழுதியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நம் பெண்களிடம் வந்திருந்து அவர்கள் கதையையும் கேட்டாரே, அது பெரிய காரியம். அந்த ஆய்விலிருந்து வந்த நூல் 2011இல் வெளியானது.

1990 அக்டோபர் 30ஐ உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புலிகள் கொடுத்தது இரண்டு மணி நேரம். பிள்ளைகளின் காதுத் தோட்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் நடந்தோம்.

பெரியவர்களுக்கு ஊர் என்றால் யாழ்ப்பாணம். புத்தளத்தில் பிறந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கோ அதுதான் வீடு. ஆனால் அந்த வீட்டிலும் அவர்களுக்குப் பெயர் ‘அகதி’. ஷாரிகா எழுதுவது இந்த இடைவெளியைத்தான்.

மக்காவை விட்டு வந்த பிலால் (ரலி) அவர்கள் காய்ச்சலில் கிடந்தபோது மக்காவின் பள்ளத்தாக்கை நினைத்து ஏங்கினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டிக்கவில்லை. மதீனாவையும் எங்களுக்குப் பிரியமாக்கு என்று துஆச் செய்தார்கள். அஸ்மா (ரலி) அவர்கள் நிறைமாதக் கர்ப்பிணியாக ஹிஜ்ரத் செய்து, குபாவில் அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) அவர்களைப் பெற்றார்கள். மதீனாவில் முஹாஜிர்களுக்குப் பிறந்த முதல் குழந்தை அவர்தான். பிற்காலத்தில் மக்காவில் இருந்து ஆட்சி செய்து, கஃபாவையும் புதுப்பித்துக் கட்டியவர் அந்த மதீனாப் பிள்ளையே!

இப்போது ஊர் திரும்பிய சில வீடுகளில், “புத்தளம் புத்தளம் என்று புலம்பாதே” என்று பிள்ளையை அதட்டுகிறோம். தோழிகளை விட்டு வந்த பிள்ளை வேறு எதைச் சொல்லும்? வாப்பா இங்கே வியாபாரம், உம்மாவும் பிள்ளைகளும் அங்கே படிப்பு என்று பிரிந்திருக்கும் வீடுகளிலோ இந்தச் சச்சரவு தொலைபேசியிலேயே நடக்கிறது.

உம்மும்மா இருக்கும்போதே சோனகத் தெருவில் எந்த வீடு, எந்தக் கிணறு, பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டுப் பேத்தியை எழுதச் சொல்லுங்கள். தான் புத்தளத்தில் படித்த பள்ளிக்கூடத்தையும், விட்டு வந்த தோழிகளின் பெயர்களையும் அவள் அதே கொப்பியில் எழுதட்டும்.