டெஸ்க்டாப்பை நீங்களே சுத்தம் செய்யுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி ஆறு மாதம் ஆன வீடுகளில் டெஸ்க்டாப்பைப் பாருங்கள். கேம்ஸ், பிரவுசர், பிரிண்டர் என எதை இன்ஸ்டால் செய்தாலும் அது ஓர் ஐகானை வைத்துவிட்டுப் போகிறது. திரை நிரம்பிய பின் வேண்டியதைத் தேடுவதே பெரும்பாடு. இருந்தும் பலர் எதையும் நீக்குவதில்லை. ஐகானை நீக்கினால் புரோகிராமே போய்விடும் என்ற பயம்தான் காரணம்.

இந்தப் பயம் தேவையில்லை. இடது கீழ் மூலையில் சிறிய அம்புக்குறி உள்ள ஐகான், ஷார்ட்கட். புரோகிராம் இருக்கும் இடத்தைக் காட்டும் வழிகாட்டிப் பலகை அது. ஏம்பலத்தில் ‘பாகூர்’ என்று எழுதிய பலகையைப் பிடுங்கினால் பாகூர் காணாமல் போய்விடுமா?

அம்புக்குறி இல்லாதவற்றில்தான் கவனம் வேண்டும். ரீசைக்கிள் பின் போன்ற விண்டோஸின் சொந்த ஐகான்கள் தவிர, மற்றவை உண்மையான பைல்கள் அல்லது போல்டர்கள். சென்டாக் விண்ணப்பத்துக்காக ஸ்கேன் செய்த பிள்ளையின் மதிப்பெண் சான்றிதழ் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். அதை நீக்கினால் பைலே போகும். முதலில் இவற்றை டாக்குமென்ட்ஸ் போல்டருக்கு மாற்றி, பென் டிரைவில் ஒரு காப்பியும் எடுத்து வையுங்கள்.

சுத்தம் செய்யும் வேலையை விண்டோஸிடமே விடலாமா? 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, 60 நாட்கள் பயன்படுத்தாத ஷார்ட்கட்களைப் பட்டியலிட்டு, உங்களைக் கேட்ட பிறகே தனி போல்டரில் ஒதுக்கியது. 2009-ல் வந்த விண்டோஸ் 7, உடைந்த ஷார்ட்கட்கள் நான்குக்கு மேல் இருந்தால் தானாகவே நீக்கியது. பென் டிரைவைக் கழற்றி வைத்திருந்தால், அதிலுள்ள பைலுக்கான ஷார்ட்கட்டும் உடைந்ததாகவே அதற்குத் தெரியும்!

என்னைக் கேட்டால் எக்ஸ்பியின் வழியே நல்லது. ஆனால் நாள் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் ஸ்கேனர் புரோகிராம், அட்மிஷன் சமயத்தில் அவசியம். இது விண்டோஸுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

எனவே டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, நியூ, போல்டர் என்று கொடுங்கள். அதற்கு ‘ஒதுக்கியவை’ என்று பெயரிட்டு, அதிகம் பயன்படாத ஷார்ட்கட்களை அதில் இழுத்துப் போடுங்கள். இரண்டு மாதம் கழித்தும் தேவை என்று தோன்றாதவற்றை டெலிட் செய்யுங்கள். அப்போது ஷிப்ட் கீயை அழுத்த வேண்டாம். அழுத்தினால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேரடியாக அழிந்துவிடும்.

புரோகிராமே வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குச் சென்று அன்இன்ஸ்டால் செய்ய வேண்டும். ஷார்ட்கட்டை நீக்கினால் டிஸ்க்கில் இடம் மிச்சமாகாது. ஆனால் தேடும் நேரம் நிச்சயம் மிச்சமாகும்.