வந்தது வந்தோம்...

ஜப்பான் போகிறோம். எழுதும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது, மன்னித்துவிடுங்கள். ஏழு நாள் குரூப் டூர். டோக்கியோ, ஃப்யூஜி மலை, கியோட்டோ, ஒசாகா. கொடி பிடித்த கைடுக்குப் பின்னால் தொப்பி போட்டுக்கொண்டு நடந்தால் போதும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்த வாரம் உங்களுக்கு இந்தக் கட்டுரை இல்லை.

நம் ஜனங்களுக்கு ஒரு வியாதி உண்டு. பெயர், 'வந்தது வந்தோம்'. திருச்சிக்குக் கல்யாணத்துக்குப் போனால், 'வந்தது வந்தோம், அப்படியே ஸ்ரீரங்கம்.' ஸ்ரீரங்கம் போனால், 'அப்படியே சமயபுரம்.' கடைசியில் தஞ்சாவூர் பெரிய கோயில் வாசலில் நிற்கும்போதுதான் கல்யாண வீட்டில் மொய் எழுத மறந்தது ஞாபகம் வரும்.

அந்த வியாதி எனக்கு ஜப்பானுக்கும் தொற்றியது. "இவ்வளவு செலவு பண்ணிப் போறோம், கூட ஒரு மூணு நாள் இருந்துட்டு வரலாமே" என்றேன்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் என் மனைவி. இப்படி அவள் சொன்னால், பின்னால் பெரிதாக ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

வந்தது, லிஸ்ட். நாராவில் தலைகுனிந்து பிஸ்கட் கேட்கும் மான்கள். ஹிமேஜியில் வெள்ளைக் கோட்டை. ஒசாகாவில் கடைத்தெரு, அதற்கு மட்டும் ஒரு முழு நாள். என் பங்குக்கு கோயா மலை. அங்கே புத்த மடத்திலேயே தங்கலாம், சைவச் சாப்பாடு போடுவார்கள். சைவர்களுக்கு ஜப்பான் லேசுப்பட்ட ஊர் இல்லை. காய்கறி சூப் என்று நம்பிக் குடித்தால், அடியில் காய்ந்த மீனின் சாறு இருக்கும்.

எதிர்வீட்டு ரிடையர்டு சார் பேப்பர் வாங்க வந்தவர், மேப்பைப் பார்த்துவிட்டு, "வந்தது வந்தீங்க, அப்படியே ஹொக்கைடோவையும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுங்க" என்றார். நாங்கள் இன்னும் போகவே இல்லை. தவிர, அவர் சொன்ன ஒரு எட்டு, ஒசாகாவிலிருந்து விமானத்தில் சுமார் 2 மணி நேரம்.

நான் பி.காம். அது எதற்கும் உபயோகப்படவில்லை என்று என் மாமனார் இன்றுவரை நம்புகிறார். அவருக்குப் பதில் சொல்லும் வாய்ப்பாக நோட்டைத் திறந்து கோடு போட்டேன். இடது பக்கம் நாட்கள், வலது பக்கம் ஊர்கள். மூன்று நாளுக்குள் ஒன்பது ஊர். பாலன்ஸ் ஷீட் டாலி ஆகவே இல்லை.

ரயில் பாஸ் கணக்கு இன்னும் மோசம். ஜப்பான் முழுக்கச் சுற்றும் 7 நாள் ரயில் பாஸ் ஒரு காலத்தில் 29,650 யென். போய் வந்தவர்கள் எல்லோரும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வார்கள். 2023 அக்டோபரில் அதை 50,000 ஆக்கிவிட்டார்கள். நாங்கள் மூன்று பெரியவர்கள், பாதி டிக்கெட்டுக்குப் பையன். ஆக 1,75,000 யென். மூன்று நாள் சுற்ற ஏழு நாள் பாஸ் வாங்குவது, ஒரு இட்லிக்காகக் கிரைண்டர் வாங்குகிற மாதிரி.

டூர் ஆபீஸுக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். "சார், இது குரூப் டிக்கெட். போட்டப்புறம் ரிட்டர்ன் தேதியை மாத்தறது கஷ்டம். முடியலைன்னா புது டிக்கெட்தான். இன்னிக்கே முடிவு சொல்லுங்க. விசாவுக்கு எந்த நாள் எந்த ஊர்ல தங்கறீங்கன்னு எழுதித் தரணும். இன்ஷூரன்ஸையும் அத்தனை நாளுக்கு நீட்டணும்." (போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். கூடுதல் நாள் ஆசையை டிக்கெட் போடுவதற்கு முன்பே படவேண்டும்.)

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் மாநாடு. மானா கோட்டையா என்று வாக்குவாதம். இதுவரை ஒரு வார்த்தை பேசாத அம்மா, மோரை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏண்டா, ஹிரோஷிமா அங்கேருந்து தூரமா?"

அம்மா கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் 31 வருஷம் டீச்சர். ஆறாம் வகுப்பு. முழங்கால் வலி தவிர எதையும் வாழ்க்கையில் தனக்கென்று கேட்டதில்லை. அதையும் அவளாகக் கேட்கவில்லை.

எழுந்துபோய் பீரோவிலிருந்து ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்தாள். உள்ளே காகிதக் கொக்குகள். நோட்டுப் பேப்பர், காலண்டர் பேப்பர், சாக்லெட் பேப்பர். சில கொக்குகளின் இறக்கையில் பெருக்கல் கணக்கு தெரிந்தது.

"ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 6-ஆம் தேதி பசங்களுக்கு சடாகோ கதை சொல்லுவேன். குண்டு போட்டப்ப அவளுக்கு ரெண்டு வயசு. 1955-ல ரத்தப் புற்றுநோய்ல செத்துப்போனா. பன்னிரண்டு வயசு, நம்ம பசங்க வயசுதான். ஆயிரம் கொக்கு மடிச்சா நெனச்சது நடக்கும்னு ஆஸ்பத்திரியில மடிச்சுக்கிட்டே இருந்தாளாம். கதை முடிஞ்சதும் ஆளுக்கு ஒண்ணு மடிப்பாங்க. ஒரு பையன் கேட்டான், 'டீச்சர், இதெல்லாம் எங்கே போகும்?'னு. ஒரு நாள் நானே கொண்டுபோய் வைக்கிறேன்னு சொல்லிட்டேன்."

"சும்மா சொன்னதுதானேம்மா?"

"டீச்சர் சும்மா சொல்லலாமா? பொய் சொல்லக்கூடாதுன்னு அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே."

மான், கோட்டை, மடம் எல்லாம் மேஜையை விட்டு இறங்கிப் போயின. என் மனைவிதான் முதலில் பேசினாள். "ஏங்க, ரயில் எத்தனை மணி நேரம்னு பாருங்க."

பார்த்தேன். ஒசாகாவிலிருந்து புல்லட் ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். போக வர தலைக்கு 21,000 யென் சொச்சம். ஆனால் கன்சாய்-ஹிரோஷிமா வட்டாரத்துக்கென்று 5 நாள் பாஸ் ஒன்று இருக்கிறது. நான் பார்த்தபோது 17,000 யென். விமான நிலைய ரயிலும் மியாஜிமா தீவுக்குப் போகும் படகும் அதிலேயே அடக்கம். பி.காம். வீண்போகவில்லை.

ஆக, திட்டம் இது. முதல் நாள் ஹிரோஷிமா. ஸ்டேஷனிலிருந்து டிராம். குண்டு விழுந்த மூன்றாம் நாளே ஒரு பகுதியில் மறுபடி ஓட ஆரம்பித்த டிராம் அது. பூங்காவில் 1958-ல் எழுப்பிய குழந்தைகள் நினைவுச் சின்னம் இருக்கிறது. வருஷத்துக்குச் சுமார் ஒரு கோடி கொக்குகள் அங்கே வந்து சேருகின்றனவாம். அருங்காட்சியகத்தில் பையனுக்கு எவ்வளவு காட்டுவது என்று கவலைப்பட்டேன். "நான் சொல்லிக்கறேன்" என்றாள் அம்மா. 31 வருஷ அனுபவம்.

இரண்டாம் நாள் மியாஜிமா. கடல் நீருக்குள் நிற்கும் சிவப்புத் தோரணவாயில். அலை ஏறினால் மிதக்கிற மாதிரி இருக்கும், இறங்கினால் பக்கத்தில் நடந்தே போகலாம். பஞ்சாங்கம் பார்க்கிற மாதிரி அலை நேரம் பார்த்து வைத்தாகிவிட்டது. அங்கேயும் மான்கள் திரிகின்றன, தீனி மட்டும் போடக்கூடாது. நாராவை அடித்துவிட்டேன்.

மூன்றாம் நாள்? ஒன்றுமில்லை. நோட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன். அம்மாவின் முழங்காலுக்கு ஓய்வு, மனைவிக்குக் கடைத்தெரு, சாயங்காலம் விமானம்.

பெரிய பெட்டிகள் ஒசாகா ஓட்டலிலேயே இருக்கும். நீள அகல உயரம் கூட்டி 160 செ.மீ. தாண்டிய பெட்டிக்குப் புல்லட் ரயிலில் தனி இடம் முன்பதிவு செய்யவேண்டும். எங்கள் பெட்டியைத் தையல்காரர் டேப்பால் அளந்தேன். 171. அம்மா எடுத்து வைத்திருந்த எலெக்ட்ரிக் குக்கரும் இறங்கிவிட்டது. அங்கே கரண்ட் 100 வோல்ட்தான். நம் 230 வோல்ட் குக்கருக்கு அது ஐந்தில் ஒரு பங்கு சக்தி. இன்று வைத்த அரிசி டூர் முடிந்த பிறகு வெந்தாலும் வேகும்.

நேற்று பாட்டிலைக் கவிழ்த்து எண்ணினோம். 613.

"ஆயிரம் இல்லையேடா" என்றாள் அம்மா. குரல் இறங்கியிருந்தது. 'எத்தனை வைத்தாலும் சரிதாம்மா' என்று சொல்ல வாயெடுப்பதற்குள் என் மனைவி பழைய காலண்டரைக் கிழித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் உழைத்து நான் மடித்ததைப் பையன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்பா, இது வௌவாலா?"

வாசலில் மணி அடித்தது. பேப்பர் திருப்பித் தர வந்த எதிர்வீட்டு சார். கூடத்தில் கொக்குகளைப் பார்த்தார். என்ன ஏது என்று அம்மா சொன்னாள். கேட்டார். ஹொக்கைடோ பேச்சையே எடுக்கவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். "வந்தது வந்தேன், எனக்கும் ஒரு பேப்பர் குடுங்க" என்றார்.