குடும்பப் பெயர் எது?

வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தைக் கண்டதும் நம் மாணவர் பலர் தயங்குகின்றனர். தயக்கம் நியாயமானதே. தமிழரிடையே பொதுவாக ஒருவரின் சொந்தப் பெயரே அவர் பிள்ளைகளுக்குத் தந்தை பெயராகிறது; பேரப்பிள்ளைகள் காலத்தில் அதுவும் மாறிவிடுகிறது.

சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் சின்னத்தம்பி ராஜரத்தினம். இதில் முன்னால் நிற்பது தந்தை பெயர். 2023இல் அதிபரான தர்மன் சண்முகரத்னத்துக்கோ தந்தை பெயர் பின்னால் நிற்கிறது. கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்னும் மேற்கத்திய வழக்கப்படி அவரைத் 'திரு சண்முகரத்னம்' என்றால், அது அவர் தந்தையை அழைப்பதாகும்.

மலேசியாவில் 'ஏ/எல்', 'ஏ/பி' இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கின்றன. ஆனால் வெளிநாட்டுப் படிவங்களுக்கு அவை புரிவதில்லை.

அதற்காக நாம் குடும்பப் பெயரைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பியே ஆகவேண்டும் என்றால் தந்தை பெயரை எழுதுங்கள். விசா முதல் பட்டச் சான்றிதழ் வரை அதையே பின்பற்றுங்கள். ஆவணத்துக்கு ஆவணம் பெயர் மாறினால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

விரிவுரையாளர் உங்களைத் தந்தை பெயரால் அழைத்தால், "அது என் அப்பாவின் பெயர், என் பெயர் இது" என்று பணிவாகச் சொல்லுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.