அரிசிக்குக் காசு உண்டு, அதைச் சுமக்கிறவருக்கு?

கொரோனா வந்துபோய் இத்தனை வருஷம் ஆச்சு, இப்போது எதற்கு இதைக் கிளறுகிறான் என்று சிலர் கேட்கலாம். அடுத்த தடவை இப்படி ஒன்று வரும்போது (வராது என்று யாராவது பத்திரத்தில் எழுதிக் கொடுத்தால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்) நாம் திரும்பவும் அதே மாதிரிதான் நடந்துகொள்வோம் என்று தோன்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இவ்வளவுதான். அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு என்று கேட்டால் நம்மவர்கள் தாராளமாகக் கொடுக்கிறோம். அந்த மூட்டையைச் சந்துக்குள் தூக்கிப் போகிற ஆளுக்குச் சம்பளம், அவர் உட்கார ஓர் அறை, அதற்கு வாடகை என்று கேட்டால் முகம் மாறிவிடுகிறது. "அதெல்லாம் ஓவர்ஹெட் சார். ஏழைக்கு நேரா போய்ச் சேர்ற மாதிரின்னா குடுப்போம்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நேராகப் போவது என்றால் எப்படி? மூட்டைக்குக் கால் முளைக்குமா?

மும்பையில் பொட்டி தட்ட வந்து பதினெட்டு வருஷமாகிறது. தாராவியில் ஒரு சின்ன அமைப்பு இருந்தது. மாலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு, பகலில் ரேஷன் கார்டு, ஆதார், விதவைப் பென்ஷன் என்று மனு எழுதிக் கொடுக்கிற வேலை. சம்பளத்துக்கு நாலு பேர், வாடகைக்கு ஓர் அறை. அவர்களுடைய கணக்கு வழக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்க மாதம் இரண்டு சனிக்கிழமை போவேன். தங்கமணி இதை "ஓசி ஆணி" என்பாள். ஆகவே இங்கே சொல்வது கேள்விப்பட்டது இல்லை, வரவு செலவு நோட்டில் பார்த்தது.

2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்கு அறிவிப்பு, நள்ளிரவிலிருந்து நாடு பூட்டு. மும்பை லோக்கல் ரயில் அதற்கு முன்பே நின்றுவிட்டது. பொதுஜனம் மறுபடி அதில் ஏற முடிந்தது 2021 பிப்ரவரி 1-ம் தேதிதான், அதுவும் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும். அமைப்பின் நாலு பேரில் இரண்டு பேர் கல்யாண் பக்கம். அவர்களால் வர முடியாது. மிச்சமிருந்த இரண்டு பேர் தாராவியிலேயே குடியிருப்பவர்கள். அதில் ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த அக்கா. அவர் கையில் ஒரு நோட்டு. எந்தச் சந்தில் எத்தனை வீடு, யாருக்குக் கார்டு இங்கே இருக்கிறது, யாருக்கு ஊரில் இருக்கிறது, எங்கே கைக்குழந்தை, எங்கே படுத்த படுக்கையாகப் பெரியவர் என்று வருஷக்கணக்காக எழுதி வைத்தது.

அந்த நோட்டின் மதிப்பு அப்போதுதான் தெரிந்தது. ஏப்ரல் 2020 முதல் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஆளுக்கு ஐந்து கிலோ தானியம் இலவசம் என்று அரசு கொடுத்தது. நல்ல திட்டம். ஆனால் தாராவியில் இருக்கும் நம்மாட்களில் எத்தனையோ பேருக்குக் கார்டு அம்பாசமுத்திரத்திலோ நாங்குநேரியிலோ மாமியார் பெட்டியில் இருக்கும். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்ததே 2020 அக்டோபரில்தான். அதுவரைக்கும்?

ஒரு கம்பெனி கிட் அனுப்பியது. அதில் ஐந்து கிலோ கோதுமை மாவு, இரண்டு கிலோ அரிசி. அக்கா போன் பண்ணினார். "தம்பி, இத்தனை மாவை வச்சு எங்க ஆளுக என்ன செய்வாவ? அரிசியைக் கூட்டச் சொல்லுங்க. பீகார்க்காரங்க இருக்க சந்துக்கு மாவைக் குடுத்துருவோம்." ஜரிகை வேலை செய்யும் பையன்களுக்குக் கிட்டே கூடாது என்றும் அவர்தான் சொன்னார். அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே படுத்துத் தூங்கி, மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள். அடுப்பே கிடையாது, மெஸ்ஸும் மூடியாச்சு. அவர்களுக்கு வேண்டியது சமைத்த சோறு. கிட்டை வாங்கி வைத்துக்கொண்டு பச்சைப் பருப்பையா மெல்லுவார்கள்? இது எக்செல் ஷீட்டில் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். அவர் சம்பளம்தான் ஓவர்ஹெட்.

2020 மார்ச் கடைசியில் நிதி ஆயோக் 92,000 தொண்டு நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதி உதவி கேட்டது. அரசாங்கத்தால் மட்டும் முடியாது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டதற்குப் பாராட்டலாம். ஏப்ரலில் இந்திய உணவுக் கழகம் தொண்டு நிறுவனங்களுக்கு ஏலம் இல்லாமல் அரிசி கிலோ 22 ரூபாய், கோதுமை 21 ரூபாய் என்று விற்க முன்வந்தது. ஒரு தடவைக்கு ஒன்று முதல் பத்து டன் வரை. பெரிய அமைப்புகளுக்கு உண்மையிலேயே உதவி. பத்துக்குப் பத்து அறை வைத்திருப்பவர் ஒரு டன்னை எங்கே இறக்குவார், லாரிக்கு என்ன செய்வார்?

அதே வாரத்தில்தான் பி.எம். கேர்ஸ் நிதி வந்தது. 2020 மார்ச் 27 முதல் 31 வரை, ஐந்தே நாளில், 3,076 கோடி ரூபாய் சேர்ந்தது. கம்பெனிகள் அதில் போட்டால் சிஎஸ்ஆர் கணக்கில் வரும் என்று அறிவித்தார்கள். முதலமைச்சர் நிவாரண நிதியில் போட்டால் வராது என்று ஏப்ரல் 10-ம் தேதி விளக்கமும் கொடுத்தார்கள். அந்த நிதி நல்லதா கெட்டதா என்று இங்கே ஜல்லியடிக்கப் போவதில்லை. ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் அதிகாரியாக யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஒரே கையெழுத்தில் வேலை முடியும், கேள்வி கிடையாது. இன்னொரு பக்கம் நூறு சின்ன அமைப்பு, நூறு பயன்பாட்டுச் சான்றிதழ், நூறு தணிக்கை. எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? நம் தாராவி அமைப்புக்கு வருஷாவருஷம் மாலை வகுப்புக்குக் கொடுத்துவந்த ஒரு கம்பெனி (பெயர் வேண்டாம்) ஏப்ரலில் ரெண்டு வரி மெயில் போட்டது. இந்த வருஷ பட்ஜெட் கோவிட் வேலைக்கு மாற்றப்பட்டுவிட்டது, வாழ்த்துகள். அந்த அமைப்பு அப்போது செய்துகொண்டிருந்தது கோவிட் வேலைதான் என்பதுதான் காமெடி.

தாராவியில் முதல் நோயாளி கண்டறியப்பட்டது 2020 ஏப்ரல் 1. ஜூலை 10-ம் தேதி உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர், நோயைக் கட்டுப்படுத்திய இடங்களில் ஒன்றாகத் தாராவி பெயரைச் சொன்னார். மாநகராட்சி செய்த வேலை பெரிய வேலை, மறுக்க முடியாது. அங்கே கிளினிக் வைத்திருந்த தனியார் டாக்டர்கள் அந்த ஏப்ரல் வெயிலில் முழுக் கவச உடையோடு வீடு வீடாகப் போனார்கள். அவர்களுக்கு வழி காட்டிக் கதவைத் தட்டியவர்கள், தனிமைப்படுத்தலுக்கு வர மறுத்த குடும்பத்திடம் தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் கெஞ்சியவர்கள் இந்த அக்கா மாதிரி ஆட்கள். சுகாதாரப் பணியாளர்களுக்கு மத்திய அரசு 50 லட்சம் ரூபாய் காப்பீடு அறிவித்தது. சந்தில் அரிசி சுமந்தவர் அதில் வரமாட்டார். அவருக்கு மாஸ்க் வாங்கிய பில்லையே ஒரு நன்கொடையாளர் "இது பயனாளிக்கான செலவு இல்லையே" என்று திருப்பி அனுப்பினார். அந்த மெயிலை நான்தான் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்தேன்.

எல்லாத் தொண்டும் மூட்டை தூக்குவதும் இல்லை. பூட்டு போட்ட மூன்றாவது நாளில் சில ஆராய்ச்சியாளர்களும் மாணவர்களும் சேர்ந்து சிக்கித் தவிக்கும் தொழிலாளர்களுக்கான ஒரு வலையமைப்பைத் தொடங்கினார்கள். கையில் இருந்தது போன் மட்டும். ஏப்ரல் நடுவில் அவர்கள் வெளியிட்ட அறிக்கைப்படி, பேசிய 11,159 தொழிலாளர்களில் 96 சதவீதம் பேருக்கு அரசு ரேஷன் வந்து சேரவில்லை. நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியான கணக்கு அது. போன் பேசுவதற்கு எந்தக் கிட்டில் பணம் ஒதுக்குவீர்கள்?

ரத்தம் இன்னொன்று. தலசீமியாக் குழந்தைகளுக்கு இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும், ஊரடங்கு என்று நோய் லீவு போடாது. காலேஜ், ஐடி கம்பெனி, கோயில் மண்டபம் என்று நடக்கும் முகாம்களை நம்பித்தான் ரத்த வங்கிகள் ஓடுகின்றன. எல்லாம் மூடிக்கிடந்தது. 2021-ல் தடுப்பூசி வந்ததும் இன்னொரு சிக்கல். ஊசி போட்டபின் 28 நாள் ரத்தம் தரக்கூடாது என்று மார்ச்சில் சொன்னார்கள், மே மாதம்தான் அதை 14 நாளாகக் குறைத்தார்கள். அந்த இடைவெளியில் ரத்ததான அமைப்புகளில் யாரோ ஒருவர் நாள் பூராவும் போனில், "சார் ஊசி போட்டுட்டீங்களா? இன்னும் போடலையா? அப்போ முதல்ல ரத்தம் குடுத்துட்டுப் போய்ப் போட்டுக்கறீங்களா?" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவரும் ஓவர்ஹெட்.

இரண்டாம் அலையில் ஆக்சிஜன். 2021 ஏப்ரலில் காசியாபாத் இந்திராபுரம் குருத்வாரா வாசலில் ஆக்சிஜன் லங்கர் நடத்தினார்கள், டிவியில் பார்த்திருப்பீர்கள். அது ஒரே நாளில் முளைத்தது இல்லை. எந்தக் கேள்வியும் கேட்காமல் தினமும் ஆள், இடம், சமையல், உண்டியல் என்று ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாடு இருந்ததால்தான் சோற்றுக்குப் பதில் சிலிண்டரை வைக்க முடிந்தது. உண்டியலில் போடுகிறவர் "என் பத்து ரூபாய் பருப்புக்கு மட்டும்" என்று சீட்டு எழுதிப் போடுவதில்லை பாருங்கள்.

அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் இருக்கும் மச்சான் போன் பண்ணினார். அவருடைய நண்பர்கள் சேர்ந்து பணம் சேர்த்திருக்கிறார்கள், உங்கள் தாராவிக்காரர்களுக்கு அனுப்பட்டுமா என்று. முடியாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020 செப்டம்பரில் திருத்தியிருந்தார்கள். பதிவுள்ள ஒரு பெரிய அமைப்பு வாங்கி அதைச் சின்ன அமைப்புக்குக் கொடுப்பது அதோடு தடை. நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20. வெளிநாட்டுப் பணம் வாங்குகிறவர்கள் எல்லாரும் டெல்லி ஸ்டேட் பாங்க் மெயின் பிராஞ்சில் கணக்குத் தொடங்கவேண்டும். கெடு 2021 மார்ச் 31, பிறகு ஜூன் 30. சரியாக மூச்சு முட்டும் நேரம்! 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் இந்தத் திருத்தங்களைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. தவறான பணம் வரக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பணம் பெரிய அமைப்பிடமே தங்கும், சந்தை அறிந்தவரிடம் போகாது என்றால் யாருக்கு லாபம்?

"எல்லாம் சரி, எத்தனை டிரஸ்ட் திருட்டு டிரஸ்ட் தெரியுமா?" என்று எங்கள் மாடி மாமா கேட்பார். தெரியும். அதனால் கணக்கைக் கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். தணிக்கை அறிக்கை, வருமான வரிப் பதிவு, யார் டிரஸ்டி, ஒரு நாள் நேரில் போய்ப் பார்ப்பது எல்லாம் செய்யுங்கள். ஆனால் நிர்வாகச் செலவு குறைவு என்பதை நாணயத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "நூறு சதவீதமும் ஏழைக்கே" என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவர் கணக்கை மாற்றி எழுதுகிறார், அல்லது அங்கே யாரோ சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறார். நம் ஆபீசில் சர்வருக்கு மட்டும்தான் காசு, ஆளுக்குக் கிடையாது என்றால் நாம் இருப்போமா?

2022-ல் கோவிட் பணம் நின்றது. பழைய வகுப்புப் பணம் திரும்பவில்லை. நாலு பேரில் மூன்று பேர் போய்விட்டார்கள். மாலை வகுப்பு அந்த ஜூனில் மூடப்பட்டது. மனு எழுதும் வேலையை மட்டும் அக்கா தன் வீட்டுத் திண்ணையில் வைத்துத் தொடர்ந்தார், கையில் அதே நோட்டு. ஒரு வருஷம் அப்படி ஓடியது.

இப்போது நாங்கள் பத்துக் குடும்பம் சேர்ந்து ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறோம். செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று எல்லாம் நம்மாட்கள்தான். என்ன செலவு என்று நிபந்தனை கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வரும், அவ்வளவே. வரிக்கழிவும் பெரும்பாலானோருக்கு இல்லை, புதிய வரிமுறையில் நன்கொடைக்குக் கழிவு கிடையாதே. அதைச் சொன்னதும் இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள் :-) அக்காவுக்குச் சம்பளம் போகிறது, ஒரு சின்ன அறையும் எடுத்தாயிற்று. அடுத்து ஒரு வாத்தியார் கிடைத்தால் வகுப்பைத் திறக்கலாம் என்கிறார். அதற்கு இன்னும் எட்டுக் குடும்பமாவது வேண்டும். சென்ற ஞாயிறு மாட்டுங்காவில் ஒரு கல்யாணத்தில் நாலு பேரிடம் பேசினேன். ஒருவர் சரி என்றார். ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். இரண்டு பேர், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தருகிறோம், வாத்தியார் சம்பளம் வேண்டாமே என்றார்கள். அவர்களிடம் அடுத்த வாரம் மறுபடி போன் பண்ணுவதாக இருக்கிறேன்.