இண்டிகேட்டர் யாருக்காக எரிகிறது? எல்இடிக்கு மாறும் முன் யோசிக்க வேண்டியவை

மாலை ஆறரை மணி. சேலம்–நாமக்கல் நான்குவழிச் சாலையை விட்டு இறங்கி, புதுச்சத்திரம் பக்கத்துக் கிராமச் சாலை ஒன்றில் ஒருவர் பைக்கில் போகிறார். நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலை. எதிரே ஒரு கார். அந்தக் கார் இன்னும் சில நொடிகளில் வலதுபுறம், கோழிப்பண்ணைக்குப் போகும் மண்பாதையில் திரும்பப் போகிறது. அதாவது, பைக்கின் குறுக்கே.

பைக்கில் போகிறவருக்கு அது எப்படித் தெரியும்? காரின் முன்பக்க மூலையில் சிமிட்டும் ஒரு சின்ன ஆரஞ்சு வெளிச்சம்தான் சொல்ல வேண்டும். அது தெளிவாகத் தெரிந்தால் அவர் வேகத்தைக் குறைப்பார். அதன் பக்கத்திலேயே கண் கூசும் வெள்ளை எல்இடி பார்க்கிங் லைட் எரிந்துகொண்டிருந்தால்? அவர் கண்ணுக்கு வெள்ளை மட்டும்தான் தெரியும். ‘நேரா வர்றாரு’ என்று நினைத்துக்கொண்டு அதே வேகத்தில் போய்விடுவார்.

காருக்கு எல்இடி போடுவது பற்றிய பேச்சு பெரும்பாலும் ஹெட்லைட்டோடு முடிந்துவிடுகிறது. முன்பக்க இண்டிகேட்டரையும் பார்க்கிங் லைட்டையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ‘சின்ன பல்புதானே, மாத்திடலாம்’ என்பதுதான் பொதுவான எண்ணம். ஆனால் இந்த இரண்டும் ஓட்டுநருக்கு வழி காட்டும் விளக்குகள் அல்ல. எதிரில் வருபவரிடம் பேசும் விளக்குகள். அதனால் ‘வண்டி எப்படி இருக்கு?’ என்பதைவிட, ‘எதிரே நிற்பவருக்கு என்ன தெரியுது?’ என்பதே இங்கே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

எந்த விளக்கு, எந்த பல்பு?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் நான்கு இண்டிகேட்டரும் ஒன்றாகச் சிமிட்டுவதைப் பலர் ‘பார்க்கிங் லைட்’ என்கிறார்கள். அது ஹசார்டு லைட். இங்கே சொல்லும் பார்க்கிங் லைட், ஹெட்லைட் சுவிட்ச்சை ஒரு சுற்று திருப்பியதும் எரியும் சின்ன விளக்கு.

பல கார்களில் அதற்குள் இருப்பது டபிள்யூ5டபிள்யூ எனப்படும் 5 வாட் பல்பு. கடைகளில் ‘டி10’ என்று கேட்டால் கொடுப்பார்கள். முன்பக்க இண்டிகேட்டரில் பெரும்பாலும் இருப்பது 21 வாட் பல்பு. லென்ஸ் ஆரஞ்சு நிறமாக இருந்தால் உள்ளே நிறமில்லாத பல்பு. லென்ஸ் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தால், பல்பின் மேலேயே ஆரஞ்சுப் பூச்சு இருக்கும். இரண்டுக்கும் அடிப்பகுதியின் முளைகள் வேறு வேறு கோணத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று சரியாக உட்காராது. எது தேவை என்பது காரோடு வந்த கையேட்டிலும் பல்பின் அடிப்பகுதியிலும் எழுதியிருக்கும். கடைக்குப் போவதற்கு முன் அதைப் பார்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

எல்இடியால் என்ன லாபம்?

லாபம் இல்லாமல் இல்லை. இழை பல்பு சூடேறி முழு வெளிச்சம் தர நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை ஆகும். எல்இடி போட்ட மாத்திரத்தில் எரியும். அதிர்வைத் தாங்கும். தரமானதாக இருந்தால் பல ஆண்டுகள் உழைக்கும். மின்சாரமும் குறைவு.

இன்னொரு நியாயமான காரணமும் உண்டு. தெளிவான லென்ஸ் உள்ள கார்களில், ஆரஞ்சுப் பூச்சு பூசிய பல்பு நாளாக நாளாக வெளுத்துப்போகும்; பூச்சு உரியவும் செய்யும். அப்போது இண்டிகேட்டர் ஆரஞ்சாக இல்லாமல் வெளிறிய வெள்ளையாகச் சிமிட்டும். அப்படி ஒரு காரைப் பார்த்தால் பல்பை மாற்றியே ஆக வேண்டும். எல்இடியாக இருந்தாலும் சரி, அதே வகைப் புது இழை பல்பாக இருந்தாலும் சரி.

ஆனால் ‘பெட்ரோல் மிச்சமாகும்’, ‘பேட்டரி மிச்சமாகும்’ என்பதெல்லாம் கொஞ்சம் மிகை. முன்பக்கம் இரண்டு 5 வாட் விளக்குகளை மாற்றினால் மிச்சமாவது 10 வாட்டுக்கும் குறைவு. காரில் ஏசி விசிறி இழுக்கும் மின்சாரத்துக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை.

வெளிச்சம் கூடினால் நல்லதுதானே?

இங்கேதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். கார் டெக்கரேஷன் கடைகளில் அதிகம் விற்பது ‘கூல் ஒயிட்’ எல்இடி. ஒரே பாக்கெட்டில் பார்க்கிங் லைட்டுக்கும் இண்டிகேட்டருக்கும் அதையே போட்டுவிடுகிறார்கள். “போட்டுப் பாருங்க, வண்டி லுக்கே மாறிடுமுங்க” என்று கடைக்காரர் சொல்வதும் பொய்யில்லை. லுக் மாறும். கூடவே இரண்டு விஷயங்கள் கெடும்.

முதலாவது, நிறம். ஆரஞ்சு லென்ஸ் என்பது ஒரு வடிகட்டி. அது ஆரஞ்சு, சிவப்பு ஒளியை விட்டு, நீலத்தைத் தடுத்துவிடும். இழை பல்பின் ஒளியில் ஆரஞ்சும் சிவப்பும் தாராளமாக உண்டு. கூல் ஒயிட் எல்இடியிலோ நீலம் தூக்கலாக இருக்கும். அதை ஆரஞ்சு லென்ஸுக்குப் பின்னால் வைத்தால் வெளிச்சத்தில் பெரும்பகுதி லென்ஸிலேயே நின்றுவிடும். மிச்சம் வெளிறிய மஞ்சளாக வெளியே வரும். கையில் வைத்துப் பார்க்கும்போது கண்ணைப் பறித்த பல்பு, மாட்டியதும் மங்கிப்போவது இதனால்தான். லென்ஸ் தெளிவாக இருந்தாலும், ஆரஞ்சாக இருந்தாலும், இண்டிகேட்டருக்கு ஆரஞ்சு எல்இடி மட்டுமே பொருந்தும்.

இரண்டாவது, பக்கத்து விளக்கு. பார்க்கிங் லைட் பல கார்களில் இண்டிகேட்டருக்கு ஒட்டினாற்போலவே இருக்கிறது. அதில் அளவுக்கு மீறிய வெள்ளை வெளிச்சத்தை வைத்தால், அது ஆரஞ்சை விழுங்கிவிடும். கார் நிறுவனங்களுக்கு இது தெரியும். பகலில் எரியும் டிஆர்எல் விளக்கு உள்ள பல கார்களில், இண்டிகேட்டர் போட்டவுடன் அந்தப் பக்கத்து டிஆர்எல் அணைந்துவிடும் அல்லது மங்கிவிடும். அது கோளாறு அல்ல. ஆரஞ்சு தெரியட்டும் என்று திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு. கடையில் போடும் எல்இடிக்கு அந்தப் புத்தி கிடையாது. மங்கிய இண்டிகேட்டர், அதன் பக்கத்திலேயே கூசும் பார்க்கிங் லைட். அந்த ஒரே பாக்கெட் தருவது இந்த மோசமான கூட்டணியைத்தான்.

பல்பின் வடிவமும் முக்கியம். விளக்கின் உள்ளே இருக்கும் பளபளப்பான கிண்ணம், ஒரு குறிப்பிட்ட புள்ளியில் இழை எரியும் என்று கணக்குப் போட்டுச் செய்யப்பட்டது. மக்காச்சோளக் கதிர்போலச் சுற்றிலும் சில்லுகள் ஒட்டிய மலிவான எல்இடியில் அந்தப் புள்ளி இருக்காது. நேரே நின்றால் பிரகாசமாகவும், சற்றுப் பக்கவாட்டில் நின்றால் இருட்டாகவும் தெரியலாம். சாலையில் இண்டிகேட்டரைப் பார்க்க வேண்டியவர்களில் பலர் பக்கவாட்டில்தான் இருக்கிறார்கள்.

படபடவென்று வேகமாகச் சிமிட்டுவது ஏன்?

எல்இடி இண்டிகேட்டர் போட்டவர்கள் முதலில் சொல்லும் புகார் இதுதான். இதற்குக் காரணம் எளிது. 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். எல்இடி அதில் சிறு பங்கைத்தான் இழுக்கும். மின்சாரம் குறைந்ததும், ‘ஒரு பல்பு ஃபியூஸ் போயிருச்சு’ என்று காரின் ஃபிளாஷர் ரிலே அல்லது கணினி நினைத்துக்கொள்கிறது. அதை ஓட்டுநருக்குச் சொல்லத்தான் வேகமாகச் சிமிட்டுகிறது.

அதைச் சரிசெய்ய மெக்கானிக் சொல்வது: “ஒரு ரெசிஸ்டர் போட்டுட்டா சரியாயிடுமுங்க.” சரியாகும். ஆனால் என்ன விலையில்? வழக்கமாகப் போடும் 6 ஓம் ரெசிஸ்டர், 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் இழுக்கும். அதாவது 24 வாட். பழைய பல்பே 21 வாட்தான்! மிச்சம் பிடிக்கப் போன மின்சாரம் முழுவதும் வெப்பமாகப் போகிறது. ஹசார்டு போட்டுக் கொஞ்ச நேரம் நின்றால் தொட முடியாத அளவுக்கு அந்த ரெசிஸ்டர் கொதிக்கும். பிளாஸ்டிக் பம்பரிலோ வயர் கட்டிலோ அதை டேப் போட்டு ஒட்டினால் உருகும் ஆபத்து உண்டு. உலோகச் சட்டத்தில்தான் இறுக்க வேண்டும்.

தனி ரிலே உள்ள பழைய கார்களில், எல்இடிக்கு ஏற்ற ரிலேவை மாற்றுவது இதைவிட நல்ல வழி. இரண்டு வழியிலும் ஒரு இழப்பு மட்டும் பொது. பல்பு போனால் எச்சரித்த அந்த வேகச் சிமிட்டல் இனி வராது. இண்டிகேட்டர் எரியாமலேயே மாதக்கணக்கில் ஓட்டினாலும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது.

வயரை வெட்டி இணைப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்த மின்சாரப் பகுதிக்கு வாரண்டி தர நிறுவனம் மறுக்கலாம். புதுக் கார் வாங்கி ஓரிரு வருடம்கூட ஆகாதவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள்படி, இண்டிகேட்டர் அம்பர் எனப்படும் ஆரஞ்சு மஞ்சள் நிறத்தில்தான் இருக்க வேண்டும்; நிமிடத்துக்கு 60-க்குக் குறையாமலும் 120-ஐத் தாண்டாமலும் சிமிட்ட வேண்டும். படபடவென்று அடிக்கும் எல்இடி பல நேரம் இந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. பார்க்கிங் லைட்டில் நீலம், ஊதா, நிறம் மாறும் எல்இடி எதற்கும் இடமில்லை.

உற்பத்தியாளர் கொடுத்த வடிவமைப்பிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஒரு சின்ன பல்புக்காக யாரும் சிறைக்குப் போகப்போவதில்லை என்று சொல்லலாம். ஆனால் ‘எல்லாரும் போட்டிருக்காங்க’ என்பது சட்டத்தின் முன் பதிலாகாது.

இந்தக் கண்டிப்பு நம் நாட்டில் மட்டும் இல்லை. ஜெர்மனியில் ஹெட்லைட்டுக்கான மாற்று எல்இடி பல்புக்கு முதன்முதலில் சாலை அனுமதி கிடைத்ததே 2020-ல்தான். அதுவும் எல்லா காருக்கும் அல்ல. பொருந்தும் என்று உறுதிசெய்து பட்டியலிட்ட மாடல்களுக்கு மட்டும். பல்பு நல்லதா என்பது பாதிக் கேள்விதான். அந்த விளக்குக் கிண்ணத்துக்குள் அது எப்படி நடந்துகொள்கிறது என்பது மீதிக் கேள்வி. அந்த இரண்டாவது கேள்வியை நம் கடைகளில் யாரும் கேட்பதில்லை.

அப்போ என்னதான் செய்வது?

இழை பல்பு சரியாக எரிகிறது என்றால், முன்பக்க இண்டிகேட்டரைத் தொடாமல் விடுவதே நல்லது. மங்கலாகத் தெரிந்தால் முதலில் லென்ஸைப் பார்க்க வேண்டும். வெயிலில் மஞ்சள் பூத்த லென்ஸைப் பாலிஷ் செய்து, அதே வகைப் புது பல்பைப் போட்டாலே பல கார்களில் பழைய பிரகாசம் திரும்பிவிடும். செலவும் குறைவு, சட்டச் சிக்கலும் இல்லை.

ஒரிஜினலாகவே எல்இடி இண்டிகேட்டரோடு வரும் உயர் வேரியன்ட் இருந்தால், அந்த முழு விளக்கும் தன் காருக்குப் பொருந்துமா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பார்க்கலாம். விலை அதிகம். ஆனால் கிண்ணமும் எல்இடியும் ஒன்றுக்காக ஒன்று செய்யப்பட்டவை.

இதையெல்லாம் தாண்டி மாற்றியவர்கள், அல்லது ஏற்கெனவே மாற்றிய காரை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள், பத்து நிமிடத்தில் ஒரு சோதனை செய்துவிடலாம். உச்சி வெயிலில் ஒரு முறை, இருட்டிய பிறகு ஹெட்லைட் போட்டு ஒரு முறை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து இண்டிகேட்டர் போட, இன்னொருவர் இருபது முப்பது அடி தள்ளி நிற்க வேண்டும். நேரே பார்க்க வேண்டும், பிறகு இரண்டு பக்கமும் நகர்ந்து பார்க்க வேண்டும். பத்து நொடியில் 10 முதல் 20 முறைக்குள் சிமிட்டுகிறதா? பார்க்கிங் லைட் எரியும்போதும் ஆரஞ்சு தனியாகத் தெரிகிறதா? இல்லை என்றால் பழைய பல்பை மாட்டிவிட வேண்டியதுதான். கழற்றிய பல்புகளைத் தூக்கிப் போடாமல் டேஷ்போர்டில் வைத்திருப்பது அதற்குத்தான்.

பெயரிலேயே சத்திரம் இருக்கிற ஊர் புதுச்சத்திரம். அந்தப் பக்கம் ஓடும் தேசிய நெடுஞ்சாலை 44 ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைப்பது. அதில் வடநாட்டு லாரி, முட்டை வண்டி, காலேஜ் பஸ், பால்கார பைக் எல்லாம் ஒன்றாகத்தான் போகின்றன. ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாது. யாரும் யாரிடமும் பேசப்போவதும் இல்லை. அவர்கள் எல்லாருக்கும் புரிகிற பொதுமொழி அந்தச் சின்ன ஆரஞ்சு சிமிட்டல் ஒன்றுதான். கோழிப்பண்ணைப் பாதையில் திரும்பும் காரின் ஓட்டுநர் அதைச் சரியாகச் சொன்னாரா என்பது அவருக்குத் தெரியாது. எதிரே பைக்கில் வருகிறவருக்குத்தான் தெரியும்.