ஆம்புலன்ஸ் வந்தும் தெருமுனையிலேயே நிற்பது ஏன்? அது பயம் இல்லை, பாடம்!

108-க்கு போன் பண்ணியாச்சு. வண்டியும் வந்தாச்சு. ஆனா தெருமுனையிலேயே நிக்குது. “ஆளு ரத்தம் சிந்திட்டு கிடக்காரு, உள்ள வராம என்ன பண்றாங்க?” என்று கூட்டம் கொதிக்கும். அடிதடி நடந்த இடம் என்றால், அந்தக் காத்திருப்பு அலட்சியம் அல்ல. சம்பவ இடம் பாதுகாப்பானதா என்று பார்ப்பதுதான் அவசர மருத்துவப் பயிற்சியின் முதல் பாடம். அடிபட்ட ஊழியரால் யாரையும் காப்பாற்ற முடியாது.

இவ்வளவு யோசிக்க வேண்டுமா?

வேண்டும். வண்டியில் வருவது ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும்தான். கையில் இருப்பது ஸ்ட்ரெச்சரும் ஆக்சிஜனும், லத்தி இல்லை. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவரின் உடலைக் கொண்டுசென்ற ஆம்புலன்ஸ் மீது கல் வீசப்பட்டு, ஊழியர்கள் காயமடைந்தனர். 2025 ஆகஸ்டில் திருச்சி மாவட்டம் துறையூரில், அரசியல் கூட்டம் நடந்த இடத்துக்கு வந்த 108 ஊழியர்கள் தாக்கப்பட்டனர்.

சட்டம் இருக்கே?

இருக்கு. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை என்கிறது தமிழ்நாட்டின் 2008-ம் ஆண்டு சட்டம். ஆனால் சட்டம் வருவது அடி விழுந்த பிறகு. அடி விழாமல் தடுப்பது, முன்கூட்டியே கிடைக்கும் தகவல்தான்.

கனகசெட்டிக்குளத்தையே எடுத்துக்கொள்வோம். இது புதுச்சேரியின் வடக்கு எல்லை. ஈசிஆரில் இந்தப் பக்கம் புதுச்சேரி போலீஸ்; எல்லையைத் தாண்டினால் விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு போலீஸ். ராத்திரி 11 மணிக்கு அங்கே இரண்டு பைக் மோதி, அது கைகலப்பாக மாறினால்? ‘விபத்து’ என்ற ஒரே வார்த்தையை நம்பி வரும் ஊழியர்கள் நேராகச் சண்டைக்கு நடுவில் இறங்குவார்கள். எந்தப் பக்கத்து போலீஸ் என்று பேசி முடிப்பதற்குள் நேரமும் போய்விடும்.

காத்திருந்தால் உயிர் போகாதா?

நியாயமான கேள்வி. 1999-ல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில், உதவி உள்ளே வரத் தாமதமானதால் ஓர் ஆசிரியர் ரத்தம் இழந்தே இறந்தார். பின்னாளில் அங்கே போலீஸ் பாதுகாப்போடு மருத்துவக் குழுவும் சேர்ந்தே உள்ளே நுழையும் முறை வளர்ந்தது. நமக்கும் அதுதான் வழி. அடிதடி என்று அழைப்பு வந்த நொடியிலேயே ஆம்புலன்ஸும் போலீஸும் ஒன்றாகக் கிளம்ப வேண்டும், எல்லை எதுவாக இருந்தாலும். அதுவரை “ஏன் நிக்கிறே?” என்று ஊழியர்களை மிரட்டுவது அநியாயம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

போனில் நான்கு விஷயம் சொல்லுங்கள்: சண்டை இன்னும் நடக்கிறதா, ஆயுதம் இருக்கிறதா, யாராவது குடித்திருக்கிறார்களா, எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள். வண்டி வந்ததும் கூட்டத்தை விலக்கி வழி விடுங்கள். போனை எடுத்து வீடியோ பிடிப்பதைவிட அது உயிர் காக்கும்.