வெர்னின் வியத்தகு பயணங்கள்

புதியன காணும் வேட்கை இளமையின் இயல்பு. அவ்வேட்கைக்கு விருந்தாக அமைந்த நூல் வரிசைகளுள் ஒன்று, பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் இயற்றிய ‘வியத்தகு பயணங்கள்’. 1863-இல் ஆப்பிரிக்காவின்மீது பறக்கும் பலூன் கதையோடு தொடங்கிய இவ்வரிசை, 1905-இல் அவர் மறைவதற்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட புதினங்களாக வளர்ந்தது. இவற்றை முழு மனத்தோடு போற்றவும் என்னால் இயலவில்லை. ஒதுக்கித் தள்ளவும் மனம் வரவில்லை.

கற்பனைக்குக் கணக்கைத் துணையாக்கியது வெர்னின் பெருஞ்சிறப்பு. 1865-இல் வெளிவந்த புதினத்தில், திங்களுக்குச் செல்ல மூவர் துணிகின்றனர். அமெரிக்காவின் புளோரிடாவில், 900 அடி நீளமுள்ள பீரங்கி அவர்களை விண்ணில் எறிகின்றது. கதையின் தொடர்ச்சியில் அவர்கள் பசிபிக் கடலில் வந்து வீழ்கின்றனர். 1969-இல் அப்பல்லோ 11 கலத்தில் சென்றோரும் மூவரே; புறப்பட்ட இடமும் புளோரிடாவே; வந்திறங்கியதும் பசிபிக் கடலே. இவ்வொற்றுமை கண்டு, வெர்னை வருவதுணர்ந்த ஞானி என்பாருளர். அஃது எனக்கு உடன்பாடன்று. பீரங்கியால் எறியப்படுவோர் அக்குழாயைக் கடக்குமுன்னரே நசுங்கி மாண்டிருப்பர். படிப்படியாக விரைவைக் கூட்டும் இராக்கெட்டே மனிதனுக்கு ஏற்ற ஊர்தி. ஆயினும், அவ்வுண்மையை ஆராய்ந்து 1903-இல் கட்டுரை வெளியிட்ட ரஷிய அறிஞர் சியால்கோவ்ஸ்கியின் உள்ளத்தில் விண்வெளி ஆர்வத்தை முதலில் விதைத்தவை வெர்னின் கதைகளே. பிழையான கணக்கும் ஒரு நல்லறிஞனை எழுப்பிற்று!

அறிவியற் பிழையைப் பொறுக்கலாம். மக்களை இழித்துரைக்கும் பிழையை எங்ஙனம் பொறுப்பது? அந்த முதற் பலூன் கதையில், ஆப்பிரிக்க மக்களைக் குரங்குகளோடு ஒப்பிட்டு நகையாடும் இடம் உண்டு. 1877-இல் வெளிவந்த ‘எக்தோர் செர்வடாக்’ என்னும் புதினத்தில், யூத வணிகர் ஒருவர் இழிவாகவே தீட்டப்படுகின்றார். “அஃது அக்காலத்து வழக்கம்” என்று சிலர் அமைதி கூறுவர். அவ்வமைதி போதாது. ஏனெனில், அதே எழுத்தாளர் கப்பல் தலைவன் நெமோவையும் படைத்துள்ளார்.

நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பலில் உலவிய அம்மனிதன் யார்? 1875-இல் நிறைவுற்ற ‘மர்மத் தீவு’ விடை கூறுகின்றது. அவன் பந்தேல்கண்டைச் சேர்ந்த இந்திய இளவரசன் தக்கார். 1857-இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுக் குடும்பத்தை இழந்தவன். பலூனின் உயரத்திலிருந்து நோக்கியபோது மக்களின் மாண்பைக் காணத் தவறிய வெர்ன், ஒருவன் நெஞ்சினுள் புகுந்து நோக்கியபோது அவனுடைய துயரையும் பெருமையையும் கண்டார். காணும் ஆற்றல் அவரிடம் இருந்தது. எல்லாரிடத்தும் அதனை அவர் செலுத்தவில்லை என்பதே என் வருத்தம்.

குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து, மிகுந்தது எதுவெனத் தெளிதல் வள்ளுவர் காட்டிய நெறி. அந்நெறியில் நோக்கின், இவ்வரிசையில் குணமே மிகுதி என்பது என் முடிவு. ஆயினும், குணம் மிகுந்தமையால் குற்றம் மறைந்துவிடாது. சியால்கோவ்ஸ்கி வெர்னை விரும்பிப் படித்தார். ஆனால், பீரங்கியை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. மாணவர்களே! மக்களைப் பற்றி நூல்கள் கூறுவனவற்றையும் அங்ஙனமே ஆராய்ந்து பாருங்கள். அன்போடு படியுங்கள், ஆராய்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள்.